ஊதிய பிறகு வக்கீல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டியதாகப் பதிவாகும் வழக்கை நீதிமன்ற வளாகத்தில் 'டி.டி. கேஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியவை. ஒருவரைத் தவிர எல்லோரும் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஒருவரின் பெயரையும் அவருடைய நலன் கருதி விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை இரவு நண்பர் வீட்டு விருந்து முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது பழைய மகாபலிபுரம் சாலையில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். கருவியில் 62 என்று வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். '10,000 ரூபாய் கட்டினால் முடிந்துவிடும், வக்கீலுக்கு ஏன் தனியாகச் செலவு?' என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானா?
— வாசகர், வேளச்சேரி

10,000 ரூபாய் வரை உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. அதற்குப் பிறகு வருவதை அவர்கள் சொல்லவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். உங்களுடைய அளவு அதில் இரண்டு மடங்குக்கும் மேல். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மறுமுறை பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று ஏறிவிடும். 2019-இல் சட்டம் திருத்தப்படும் வரை முதல் முறைக்கான அபராதம் 2,000 ரூபாய்தான் என்பதால், பழைய நினைப்பில் இருப்பவர்கள் இதை இன்னமும் ஒரு 'பெட்டி கேஸ்' (சிறு வழக்கு) என்றே கருதுகிறார்கள்.

ஹெல்மெட் அணியாதது, சீட் பெல்ட் போடாதது போன்றவற்றுக்குக் காவல் துறையே இணக்கக் கட்டணம் வாங்கி முடித்துக்கொள்ளலாம். அப்படி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியல் 200-ஆவது பிரிவில் இருக்கிறது. அதில் 185 இல்லை. ஆகவே உங்கள் வழக்கு நீதிமன்றத்தின் உத்தரவால்தான் முடிய வேண்டும். நீங்கள் கட்டுவது ஒரு குற்றத்தீர்ப்பின் பேரில் விதிக்கப்படும் அபராதம். அந்தத் தீர்ப்பின் கூடவே இன்னொன்றும் வரும். 185-இன் கீழ் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்கும் நீதிமன்றம், குறைந்தது 6 மாதத்துக்கு அவர் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று உத்தரவிட்டாக வேண்டும் என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் காலத்தில் வண்டி எடுத்துப் பிடிபட்டால் அது தனியாக இன்னொரு குற்றம். அதற்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் உண்டு. தினமும் வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குப் பைக்கில் போய்வருகிறவர் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் 'கட்டிவிடுகிறேன்' என்று சொல்ல வேண்டும்.

வக்கீல் இங்கே செய்யக்கூடியது என்ன? முதல் வேலை, உங்கள் கையில் இருக்கும் அந்தச் சீட்டைப் படிப்பது. அதில் அளவு, நேரம், கருவியின் எண் ஆகியவை அச்சாகியிருக்கும். கருவி கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது, சோதித்தவர் சீருடையில் இருந்தாரா, கைது என்று காட்டியிருந்தால் 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் கொண்டுபோனார்களா, சீட்டில் உள்ள நேரமும் வழக்கில் எழுதியுள்ள நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் என்னிடம் நீட்டிய சீட்டு வெறும் வெள்ளைத்தாளாக இருந்தது. அது வெப்பத்தாள், இரண்டு வாரம் பைக்கின் பெட்ரோல் டேங்க் கவருக்குள் வெயிலில் கிடந்ததில் எழுத்து முழுவதும் மறைந்துவிட்டது. ஓர் ஓரத்தில் '1' என்ற எண்ணின் தடம் மட்டும் தெரிந்தது. ஆகவே வக்கீலைத் தேடுவதற்கு முன்பே அந்தச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து, கைப்பேசியிலும் படம் பிடித்து வைத்துவிடுங்கள்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால், நேர்மையான வக்கீல் 'ஒப்புக்கொள்ளுங்கள்' என்றுதான் சொல்வார். 62 என்ற அளவில், முதல் முறை, விபத்து இல்லை, தகராறு இல்லை என்றால் வழக்கை இழுப்பதில் லாபம் கிடையாது. சிறை வேண்டாம், அபராதம் போதும் என்று எடுத்துச் சொல்வதே அங்கே அவருடைய வேலையாக இருக்கும். ஆனால் அந்த முடிவு படித்த பிறகு எடுத்த முடிவாக இருக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டதும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு போய் நின்று, கேள்வி முடிவதற்குள் 'ஆமாங்கய்யா' என்று சொல்லிவிட்டு வருகிறவர்களை எழும்பூர் நீதிமன்றத்தில் அன்றாடம் பார்க்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு பெற்ற தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் போனால், தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் பற்றி மட்டுமே பேச முடியும்; குற்றமே செய்யவில்லை என்ற வாதத்துக்கு அங்கே இடமிருக்காது.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடன் வந்தவர் மது அருந்தாதவராகவும் உரிமம் உள்ளவராகவும் இருந்தால் வண்டியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வண்டியைத் திரும்பக் கேட்கும்போது எடுத்துக்காட்ட உதவும்.

நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். முந்தைய நாள் இரவு 11 மணி வரை உறவினர் வீட்டு விசேஷத்தில் குடித்தேன். தூங்கி எழுந்து குளித்துவிட்டுத்தான் வண்டி எடுத்தேன். காலை 7 மணிக்குக் கோயம்பேடு அருகே ஊதச் சொன்னபோது 38 வந்தது. இருமல் மருந்தும் குடித்திருந்தேன். நான் போதையில் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லை.
— வாசகர், வியாசர்பாடி

போதையில் இல்லை என்பதை நம்புகிறேன். ஆனால் சட்டம் அளவைத்தான் கேட்கிறது. நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்பதில்லை. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 முதல் 20 மில்லி கிராம் வரைதான் குறையும். இரவு 11.30-க்கு 150 இருந்தது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 15 வீதம் காலை 7 மணிக்கு 38 மிச்சமிருக்கும். உங்கள் எண்ணும் அதுதான். குளியலோ, மோரோ, எலுமிச்சைச் சாறோ, பில்டர் காப்பியோ இந்தக் கணக்கை வேகப்படுத்துவதில்லை. இருமல் மருந்து வாயில் விடும் ஆல்கஹால் சுமார் கால் மணி நேரத்தில் போய்விடும். அதனால் அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டிய இடம் சாலைதான். '15 நிமிடம் கழித்து மறுபடி ஊதுகிறேன், இல்லையென்றால் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்' என்று அப்போதே கேட்க வேண்டும். ஊதவே மறுப்பது நல்ல யோசனை அல்ல. மறுத்தவரை வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். தக்க காரணம் இல்லாத மறுப்பை அவருக்கு எதிரான சூழ்நிலையாகவும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

இருந்தாலும், வேளச்சேரி வாசகருக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அவருக்கு 6 மாதம் என்பது பேருந்திலும் ரயிலிலும் போய்வரும் சிரமம். உங்களுக்கு அது 6 மாதச் சோறு. 38 என்பது எல்லைக்கு மிக அருகில் இருக்கும் எண். ஒரே ஒரு முறை ஊதியது, ரத்தம் எடுக்காதது, கருவி சரிபார்க்கப்பட்ட சான்றிதழின் தேதி ஆகிய மூன்றும் இங்கே உயிருள்ள கேள்விகள். இப்படிப்பட்ட வழக்கை எதிர்த்து நடத்தலாம் என்று ஒரு வக்கீல் சொன்னால் அது வெறும் ஆசைகாட்டல் ஆகாது. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் சவாரி போகும், அதையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசதி இல்லை என்பதற்கு வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும், வருமானம் எதுவாயினும் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைப்பார். உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். 'இலவச வக்கீல் சரியாக வாதாட மாட்டார்' என்று டாக்ஸி ஸ்டாண்டில் சொல்வார்கள். காசு வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன், இலவசப் பட்டியலில் இருந்துகொண்டு சான்றிதழ் தேதியைத் தேடிப் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் தம்பி மீது டி.டி. கேஸ். நீதிமன்ற வாசலில் ஒருவர், '25,000 கொடுங்கள், கேஸே இல்லாமல் செய்துவிடுகிறேன், ஸ்டேஷனில் எல்லோரும் தெரிந்தவர்கள்' என்கிறார். வக்கீல் என்று சொல்லிக்கொள்கிறார். இணையத்தில் தேடினால் 'சென்னையின் முதல் 10 வக்கீல்கள்' என்று பட்டியல் வருகிறது. யாரை நம்புவது?
— வாசகி, கொளத்தூர்

அம்மா, வாசலில் நிற்பவரையும் நம்ப வேண்டாம், பட்டியலையும் நம்ப வேண்டாம். இந்தியாவில் வழக்கறிஞர் விளம்பரம் செய்வதும் ஆள் வைத்துக் கட்சிக்காரர் பிடிப்பதும் பார் கவுன்சில் விதிகளால் தடை செய்யப்பட்டவை. வக்கீல்களுக்குத் தரவரிசை போட்டு இணையத்தில் விற்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கடுமையாகக் கண்டித்தது. 'முதல் 10' என்பது யாரோ பணம் கட்டி வாங்கிய இடமாக இருக்கலாம். அதை வைத்து ஒருவருடைய திறமையை அளக்க முடியாது.

வாசலில் நிற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'சார், உங்கள் என்ரோல்மென்ட் நம்பர் என்ன?' பார் கவுன்சிலில் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் எண்ணும் ஆண்டும் உண்டு. வக்காலத்தில், அதாவது வக்கீலை நியமிக்கும் படிவத்தில், அதை எழுதித்தான் ஆக வேண்டும், ஆகையால் உண்மையான வக்கீலுக்கு அது நாக்கு நுனியில் இருக்கும். தயங்கினால் அவர் புரோக்கர். எண்ணைச் சொன்னால், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் சரிபார்க்கலாம்.

அவர் உண்மையான வக்கீலாகவே இருந்தாலும், 'ஸ்டேஷனில் தெரிந்தவர்கள்' என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கருவியில் பதிவாகி எண் விழுந்த வழக்கை இல்லாமல் செய்வதற்கு அவர் கேட்கும் பணம் எங்கே போகப் போகிறது? 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. 10,000 ரூபாய் வழக்கிலிருந்து தப்பிக்கப் போய் உங்கள் தம்பி அதைவிடப் பெரிய வழக்கில் விழ வேண்டாம்.

பின் எப்படித் தேடுவது? சம்மன் எந்த நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கிறதோ, எழும்பூரோ, சைதாப்பேட்டையோ, ஜார்ஜ் டவுனோ, அங்கே ஒரு நாள் காலை 10.30-க்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். வழக்குகள் கூப்பிடப்படும்போது யார் எழுந்து நிற்கிறார்கள், யார் தாளைப் புரட்டிப் பார்த்துப் பேசுகிறார்கள், யார் வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சொத்து வழக்கில் புகழ்பெற்ற குடும்ப வக்கீலைவிட, அந்த நடுவர் முன் வாரத்தில் நான்கு நாள் நிற்கிற இளைஞர் இந்த வேலைக்குப் பொருத்தமானவராக இருக்கக்கூடும்.

கட்டணத்தைப் பற்றித் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நிலையான விகிதம் என்று ஒன்று கிடையாது. ஒரே நாளில் ஒப்புக்கொண்டு முடியும் வழக்குக்கும் சாட்சி விசாரணை நடக்கும் வழக்குக்கும் வெவ்வேறு தொகை சொல்வது நியாயமே. நீங்கள் வற்புறுத்த வேண்டியது இரண்டு. வக்கீல் கட்டணம் வேறு, அபராதம் வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்; அபராதத்துக்கு நீதிமன்ற ரசீது உங்கள் கைக்கு வர வேண்டும். 'ஜெயித்தால் இவ்வளவு, தோற்றால் ஒன்றும் வேண்டாம்' என்று முடிவை வைத்துக் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. அப்படிப் பேசுகிறவர் வேறு விதிகளையும் மீறுவார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெற்று வக்காலத்தில் தம்பி கையெழுத்துப் போடக் கூடாது. பின்னால் வக்கீலை மாற்ற விரும்பினால் பழையவரின் ஆட்சேபணையின்மைக் கையெழுத்து வேண்டியிருக்கும் என்பதால், பார்த்துப் போடுவது நல்லது.

நண்பன் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். என் மீதும் வழக்குப் போடலாமா?
— வாசகர், பள்ளிக்கரணை

போடுகிறார்கள். குடித்து ஓட்டுபவருடன் பயணம் செய்பவர் மீதும் நடவடிக்கை உண்டு என்று 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை அறிவித்தது. அதற்கு அடிப்படை, குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-ஆவது பிரிவு. ஆனால் உடந்தை என்றால் தூண்டியிருக்க வேண்டும் அல்லது தெரிந்தே துணைபோயிருக்க வேண்டும்; பின் சீட்டில் உட்கார்ந்திருந்ததே போதுமா என்பது வாதத்துக்கு உரியது. வண்டி உங்களுடையதாக இருந்து, சாவியை நீங்களே அவரிடம் கொடுத்திருந்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். எது நடந்தது என்பதை வக்கீலிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

அக்கா மகன் காரை ஓட்டிப் பெருங்குடியில் ஒரு ஸ்கூட்டரில் மோதிவிட்டான். ஓட்டி வந்தவருக்குக் கால் எலும்பு முறிவு. இவன் குடித்திருந்தான். டிரைவர் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்று வீட்டில் யோசனை சொல்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலே பார்த்துக்கொள்வாரா?
— வாசகர், அடையாறு

முதலில் அந்த யோசனையைக் கைவிடுங்கள். கூலிக்கு வேலை செய்யும் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது பாவம் என்பது ஒருபுறம். சாலைக் கேமரா, கைப்பேசி இருந்த இடம், அடிபட்டவரின் வாக்குமூலம் என்று மூன்றில் ஒன்று போதும், பொய் சாட்சி உருவாக்கிய குற்றத்தில் வீட்டில் யோசனை சொன்னவர்களும் சேர்ந்து நிற்க. எந்த வக்கீலாவது இந்த யோசனையை ஆமோதித்தால் அவரையும் மாற்றுங்கள்.

இது வெறும் டி.டி. கேஸ் அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கு 281, கொடுங்காயம் விளைவித்ததற்கு 125(பி) ஆகிய பிரிவுகள் சேரும். பின்னது 3 ஆண்டு வரை சிறைக்குரியது, ஆனாலும் ஜாமீனில் விடத்தக்கது. அடிபட்டவர் இறந்திருந்தால் 106(1)-இன்படி 5 ஆண்டு வரை போகும். சூழ்நிலையைப் பொறுத்து, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவிலும் வழக்குப் பதியலாம். அது ஜாமீனில் விடப்படாதது, செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிப்பது. மும்பை பாந்த்ராவில் 2006-இல் நடைபாதையில் தூங்கிய 7 பேர் மீது குடிபோதையில் கார் ஏறி அவர்கள் இறந்த வழக்கில், அந்தப் பெரிய பிரிவின் கீழ் வழங்கிய தண்டனையை உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்தது. ஆகவே உங்களுக்குத் தேவை, குற்றவியல் விசாரணையை முழுக்க நடத்திப் பழகிய வக்கீல். அபராத வழக்குகளை மட்டும் பார்ப்பவர் போதாது.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல். அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு, சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்கும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, ஓட்டியவர் குடித்திருந்தார் என்று நிரூபிப்பதில் கம்பெனிக்கு ஆதாயம் இருக்கிறது. கொடுத்த தொகையைப் பின்னால் உங்கள் குடும்பத்திடம் திரும்பக் கேட்கவும் அது முயலும். கார் சேதத்துக்கான பணத்தையும் மறுக்கலாம். மதுபோதையில் நடந்த விபத்தில் அப்படி மறுத்தது சரி என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கம்பெனி அனுப்பும் ஆளிடம் எழுதிக் கொடுப்பதற்கு முன் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அடிபட்டவரின் மருத்துவச் செலவுக்கு உதவ நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். வழக்குக்கு அஞ்சி ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பவர்களை நடுவர்கள் நல்ல கண்ணோடு பார்ப்பதில்லை.

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் மகனை 'டி.யு.ஐ.' (மது அருந்தி வாகனம் ஓட்டியது) என்று கைது செய்து மறுநாள் விட்டார்களாம். இங்கிருந்து வக்கீல் ஏற்பாடு செய்யலாமா?
— வாசகி, அண்ணா நகர்

முடியாது அம்மா. அங்கே அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வக்கீல்தான் ஆஜராக முடியும். ஆனால் தாமதிக்காமல் மகனுக்கு இதைச் சொல்லுங்கள்: கைதான நாளிலிருந்து 10 நாளுக்குள் வாகனத் துறையிடம் விசாரணை கேட்டு மனு செய்யாவிட்டால், கலிபோர்னியாவில் உரிம நிறுத்தம் தானாக நடைமுறைக்கு வந்துவிடும். நீதிமன்ற வழக்கு அதிலிருந்து தனி. அங்கே எல்லை 80 மில்லி கிராம், நம்முடையதைவிடத் தளர்ந்தது, விளைவு தளர்ந்ததில்லை. வேலை விசாவில் இருப்பவரின் விசாவைக் கைதை மட்டும் வைத்தே அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்யக்கூடும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே டி.யு.ஐ. வக்கீலோடு குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரையும் அவன் கலந்துகொள்ள வேண்டும், முடிந்தால் எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன்பே. அடுத்த முறை விசா மனுவில் 'எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா' என்ற கேள்வி வரும். அதற்கு 'இல்லை' என்று எழுதிவிட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

சிக்னலைத் தாண்டியதாக இ-சலான் வந்திருக்கிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. வக்கீல் வைக்கவா?
— வாசகர், தாம்பரம்

வேண்டாம். சலானுடன் வரும் படத்தைத் திறந்து நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி, தேதிகளையும் ஒப்பிடுங்கள். படத்தில் இருப்பது வேறு வண்டி என்றால், உங்கள் ஆர்.சி. நகலையும் வண்டியின் புகைப்படத்தையும் இணைத்துப் போக்குவரத்துக் காவல் துறைக்குப் புகார் கொடுங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டியாகவே இருந்து, அதை நீங்கள் இரண்டு வருடத்துக்கு முன் விற்றுவிட்டுப் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், முதலில் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம்.